ஏழை என்று கையெழுத்துப் போடாத வீடு

எங்கள் தெருவில் இரண்டு லாரி வைத்திருந்தவர் ஏழையாக இருந்தார். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகும் லாரிகள். மாடி வீடு, மாடிக்கு மேலே தகரக் கூரை போட்டு இன்னொரு மாடி, வாசலில் ஒரு கார். ஆனாலும் ஏழைதான், தாசில்தாரின் கையெழுத்தோடு. மகனின் கல்லூரிச் சலுகைக்காக அவர் வாங்கிய வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம் ரூபாய் என்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் சாலையைப் பார்த்து ஒரு பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதில் அப்பா, அம்மா, நான். அந்தத் தெருவில் நாங்கள்தான் பணக்காரர்கள். எங்களுக்கும் சான்றிதழ் இருந்தது.

இந்தப் பணக்காரத்தனம் எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் படிப்பைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். முத்து நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. பஸ்ஸுக்கு முத்து, பரோட்டாக் கடைக்கு முத்து, செல்போன் ரீசார்ஜ் கடைக்கு முத்து. முத்தை மட்டும் நான் நகைக்கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் வெளியூரிலிருந்து வந்தது என்று விற்பவரே சொன்னார். எங்கள் வகுப்பில் கணிதமும் ஏறக்குறைய அப்படித்தான். பெயர்ப்பலகையில் கணிதம் இருந்தது, உள்ளே தேர்வு இருந்தது. எந்தத் தேற்றம் பத்து மதிப்பெண்ணுக்கு வரும், எது ஐந்துக்கு வரும் என்று மூன்று வருஷமும் மனப்பாடம் செய்தோம். நானும் நன்றாகவே செய்தேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், தேர்வுக்கு வராது என்று எல்லோரும் தள்ளிவிட்ட ஒரு பக்கத்தைச் சும்மா படித்தேன். எண்ணி முடியாதவற்றிலும் சிறியது பெரியது உண்டு என்று அதில் நிரூபித்திருந்தது, பத்தே வரியில். அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம்தான் காரணம். அதுவரை எதிலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, இதைக் கூசாமல் சொல்கிறேன். இனி இதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதினேன். மே மாதம் மின்னஞ்சல் வந்தது, எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷப் படிப்பு, இரண்டு நாள் ரயில் பயணம். படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் எங்கள் கடை ஒரு வருஷம் சம்பாதிப்பதைவிட அதிகம். ஆனால் குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் அத்தனையும் தள்ளுபடி, மாதாமாதம் கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஜூன் கடைசிக்குள் வருமானச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் உண்மையான வருமானம் அந்த வரம்புக்கு வெகு கீழே கிடந்தது. ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். தர்க்கம் படித்தவள் அல்லவா.

அப்பாவுக்கு நான் படிப்பதில் வருத்தம் இருந்ததில்லை, அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கணக்குப் படிக்க அவ்வளவு தூரம் எதற்கு, கல்லாவில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், இது பெரிய கணக்கு என்று மட்டும் சொல்வார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தேவைப்படவில்லை. சின்னக் கணக்கில் அவரை அடிக்க ஆள் கிடையாது. முக்கால் கிலோ துவரம்பருப்பு, நூற்றைம்பது கிராம் சீரகம், இரண்டு சோப்பு, கால் கிலோ உடன்குடிக் கருப்பட்டி என்று வந்தவர் சொல்லி வாயை மூடுவதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவார். நான் போனில் தட்டிப் பார்ப்பேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தன்னுடைய மாத வருமானம் ஒன்றைத்தான் அவர் தப்பாகச் சொன்னார்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்ட ஒரு வாரத்தில், கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்காகக் கடைக்கு வந்தார். அவர் வந்த நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாரக் கடனில் சரக்குப் போடுகிற மொத்தக் கடையின் வேன் வாசலில் நின்றது. டிரைவர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார். அலுவலர் பைக்கில் உட்கார்ந்தபடியே, மாசம் என்ன வருமானம் வரும் அண்ணாச்சி என்று கேட்டார்.

அப்பா அலுவலரைப் பார்க்கவில்லை, டிரைவரைப் பார்த்தார். "நமக்கென்ன சார் கொறச்சல். அம்பது அறுபது வந்துரும்."

அலுவலர் நல்ல மனிதர். எழுதாமல் பேனாவை மூடினார். உங்க பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்குத்தான் கேட்கிறோம், கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் என்று குரலைத் தாழ்த்தினார். அப்பா தன் குரலைத் தாழ்த்தவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, அறுபது என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதோடு விட்டாரா? அரைக் கிலோ பனங்கற்கண்டைப் பொட்டலம் கட்டி, வேண்டாம் வேண்டாம் என்றவரின் பைக் கவரில் திணித்து அனுப்பினார். பின்னறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அறுபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஏழு லட்சத்து இருபதாயிரம். மூன்று வருஷப் பட்டப்படிப்பில் எந்தப் பெருக்கலும் என்னை அப்படி அழவைத்ததில்லை.

உண்மையில் மாதம் எட்டாயிரம் நின்றால் பெரிது. பைபாஸ் பக்கம் குளிர்சாதனம் வைத்த பெரிய கடை வந்த பிறகு, எங்களிடம் வருகிறவர்கள் அங்கே மறந்துவிட்டதை வாங்க வருகிறவர்கள்தான். தீப்பெட்டி, கடுகு, ஊறுகாய்ப் பொட்டலம். இது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். வீட்டுக்குள் பேசுவோம். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் இருந்தது. அதைத் தாண்டினால் நாங்கள் வசதியானவர்கள்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தவரிடம் சண்டைக்குப் போனேன். உண்மையைச் சொல்ல என்ன, பொய்யா சொல்லச் சொன்னேன், தெருவில் லாரிக்காரரே ஏழை என்று எழுதி வாங்கவில்லையா என்றெல்லாம் கத்தினேன். அவர் குழம்பைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரர் எழுதலாம், அவருக்கு இரண்டு லாரி இருக்கிறது, அவர் ஏழை என்று எழுதினால் ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும் என்றார். நாம் எழுதினால் நம்பிவிடுவார்கள்.

பிறகு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "பேங்க்ல கெடக்கது நம்ம பணம் இல்லளா. மொத்தக் கடக்காரன் நம்மள நம்புதான் பாரு, அதான் நம்ம பணம். எட்டாயிரம்னு எழுதிக் குடுத்தம்னா மறுநாள் எவன் கடனுக்குச் சரக்குப் போடுவான்?"

பொருளாதாரப் புத்தகத்தில் போட்டால் ஒரு பக்கம் வரும். ஆனால் அன்று எனக்கு அது கௌரவம் பிடித்தவரின் சால்ஜாப்பாகத்தான் பட்டது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் ரசத்தை வைத்துவிட்டு, சண்டை முடிந்தபின் சொல்லுங்கள், மோர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

சான்றிதழ் வந்தது. ஏழு லட்சத்து இருபதாயிரம், கோபுர முத்திரையோடு. அழகான தாள். இனி வேறு வழி பார்க்க வேண்டும்.

வேறு வழி என்றால் எங்கள் ஆட்களுக்குச் சங்கம்தான். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் ஒதுக்கிச் சங்கத்துக்குக் கொடுப்பதற்கு மகமை என்று பெயர். அந்த மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள், கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள், வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். அப்பாவிடம் சொல்லாமல் மனுப் போட்டேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஐந்து பேர் மண்டபத்து ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜினியரிங்கா என்றார் ஒருவர். இல்லை என்றேன். சி.ஏ.வா என்றார் அடுத்தவர். கணிதம் என்றேன். அது தெரிகிறது, கணிதத்தில் என்ன படிப்பு என்றார் மூன்றாமவர். கணிதத்தில் கணிதம்தான் என்று பணிவாகச் சொன்னேன். நான்காமவர் என்னை எடைபோட நினைத்து, பதினேழு மூட்டை, மூட்டைக்கு நாற்பத்து மூன்று ரூபாய் இறக்குக் கூலி என்றால் எவ்வளவு என்றார். நான் யோசிப்பதற்குள் ஐந்தாமவர் எழுநூற்று முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டார். இதையே சொல்ல முடியவில்லை, இதில் மேல்படிப்பு வேறா என்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. சுற்றும்வரை வெறும் சிவப்பு வட்டமாகத் தெரிந்தது இப்போது எழுத்தாகிவிட்டது. ஒரு இறக்கையில் அப்பாவின் பெயர், அடுத்ததில் கடையின் பெயர், மூன்றாவதில் உபயம். காற்று வராததால் ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

ஐவரில் ஒருவரான சங்கச் செயலாளர்தான் முதலில் பேசினார். அவர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். "உங்கப்பா உபயம் குடுக்கிற ஆளும்மா, வாங்குற ஆளு இல்ல. அவரு பேர இந்த லிஸ்ட்ல எழுதுனா அது அவர அசிங்கப்படுத்துன மாதிரில்லா ஆயிரும்." மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். உதவித்தொகைக்குப் பதிலாக, நான் வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டால் ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னார்கள். போய்ச் சேர்வதற்கு வழி கேட்டேன், போய்ச் சேர்ந்தபின் துண்டு போடுகிறோம் என்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

செயலாளர் வீட்டுக்குப் போகுமுன் எங்கள் கடையில் இறங்கி, நடந்ததை அப்பாவிடம் சொல்லியிருந்தார். நான் உள்ளே நுழையும்போது அடி விழும் என்று பார்த்தேன். அப்பாவின் முகத்தில் அத்தனை நிம்மதி. சரியாகத்தானே சொல்லியிருக்கிறார் என்றார். அந்த விசிறியை வாங்கிய மாசம் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்பதை அம்மா ஞாபகப்படுத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனி, சமூகப் பொறுப்பு நிதி என்று ஒன்று வைத்திருந்தது. அங்கும் போனேன். குளுகுளு அறையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அவர்கள் குடிநீர் இயந்திரம் கொடுப்பார்கள், பள்ளிக்கு பெஞ்சு கொடுப்பார்கள், தையல் மெஷின் கொடுப்பார்கள். கொடுத்தால் போட்டோ எடுத்து அறிக்கையில் போட வேண்டும், உங்கள் படிப்பில் போட்டோ எடுக்க என்ன இருக்கும் என்று நிஜமாகவே அக்கறையோடு கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் இருக்கும். அந்த அறையில் தேநீரும் முந்திரி மக்ரூனும் கொடுத்தார்கள். அந்தக் கோடை முழுவதும் என் உயர்கல்விக்காகப் பிறரிடமிருந்து எனக்குக் கிடைத்த மொத்த நிதியுதவி அந்த இரண்டு மக்ரூன்தான்.

கடைசியில் கல்விக் கடன். வங்கி மேலாளர் அப்பாவின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். ஏழு லட்சத்து இருபதாயிரம் என்ற சான்றிதழையும் காட்டினேன். கெட்டதிலும் ஒரு நல்லது நடக்கட்டும் என்று. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தாளில் இருக்கிற பணம் இந்தப் புத்தகத்தில் எங்கேம்மா என்றார். சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தேன். படித்து முடித்தால் என்ன வேலை என்று கேட்டார். ஆராய்ச்சி செய்வேன் என்றேன். அதற்கப்புறம் என்றார். இன்னும் ஆராய்ச்சி என்றேன். அவர் புத்தகத்தை மூடி, வருமானம் போதாது, எதை நம்பிக் கடன் கொடுப்பது என்று சொல்லி அனுப்பினார்.

ஆக, வங்கிக்கு நாங்கள் ஏழைகள், அரசாங்கத்துக்குப் பணக்காரர்கள், சங்கத்துக்குக் கொடையாளிகள். மூன்றும் ஒரே மாதத்தில். ஒரு முரண்பாடு கையில் கிடைத்துவிட்டால் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம் என்று தர்க்கத்தில் சொல்வார்கள். விடுதிக் கட்டணத்தை என்னால் நிரூபிக்க முடியவில்லை.

ஜூன் மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. இடம் வேண்டாம் என்றால் முன்கூட்டியே தெரிவிக்கும்படி பல்கலைக்கழகம் கேட்டிருந்தது, காத்திருப்பவர்களுக்கு உதவும் என்று. காத்திருப்பவர்கள்மேல் எனக்குப் பெரிய அன்பு ஒன்றும் கிடையாது. ஆனால் தினமும் எழுந்து அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. காலையில் கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் ஆங்கிலத்தில் கடிதம் அடித்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே அடித்தேன். அப்பா வெல்லத்தை உடைத்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார்.

வாசித்துத் தமிழில் சொன்னேன். மதிப்பிற்குரிய ஐயா, என் குடும்பத்துக்கு வசதி இல்லாத காரணத்தால் தங்கள் பல்கலைக்கழகத்தில் சேர இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வெல்லம் உடைக்கிற சத்தம் நின்றது. திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"வசதி இல்லன்னா எழுதிருக்க?"

ஆமாம் என்றேன். வேறு என்ன காரணம் எழுதுவது? கணிதம் பிடிக்கவில்லை என்றா?

 அப்பா கையில் ஒட்டியிருந்த வெல்லத்தை வேட்டியில் துடைத்தார், வழக்கமாக அம்மாவிடம் திட்டு வாங்கும் காரியம். அவருடைய மனசுக்குள் என்ன ஓடியது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் முகத்தில் பில் போடுகிற களை வந்திருந்தது. "அப்பம், போனாலும் வசதி இல்லன்னு எழுதணும், போகாட்டாலும் வசதி இல்லன்னுதான் எழுதுவ. வெறுங்கைக்கு எழுதுறதுக்கு, சரக்க வாங்கிட்டு எழுதுனா என்ன?"

முப்பது நாளாக நான் அழுதும் கத்தியும் பட்டினி கிடந்தும் நகராத மனிதரை ஒரு வியாபாரக் கணக்கு நகர்த்திவிட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இப்படி ஒரு நிரூபணம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே.

வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவரே என்னோடு வந்தார். கிராம நிர்வாக அலுவலர், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அப்பா எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு, வேறொன்றும் கேட்கவில்லை. கடை வாடகை, கரண்ட், சரக்கு எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பாமல் எட்டாயிரம் என்றார். மறு விண்ணப்பத்துக்கு மறுபடியும் இ-சேவை மையம். அங்கே தினப்படிக் கூட்டம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு, பதிவதற்கு முன் எல்லாவற்றையும் உரக்க வாசித்துச் சரிபார்க்கும் நல்ல பழக்கம். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் வாசித்தாள். ஆண்டு வருமானம் தொண்ணூற்றாறாயிரம், சரியா அண்ணாச்சி என்றாள்.

பின்னால் வரிசையில் மொத்தக் கடையின் கணக்குப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவரும் தன் மகளுக்கு வருமானச் சான்றிதழ் வாங்கத்தான் வந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். அப்பா சரிதான் என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெண் விடவில்லை. வாயால் சொல்லுங்கள் அண்ணாச்சி, பிறகு மாற்ற முடியாது என்றாள். "சரிதாம்மா, தொண்ணூத்தாறுதான்" என்றார். கணக்குப்பிள்ளை ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

சான்றிதழ் ஐந்தாம் நாள் வந்தது, ஆறாம் நாள் அனுப்பினேன், ஜூலையில் ரயில் ஏறினேன். சங்கம் சொன்னபடி ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் இல்லாததால் அதை அப்பாவுக்குப் போர்த்தினார்களாம். அம்மா போனில் சொன்னாள். சங்கத்தில் சான்றிதழ் விஷயம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதவன் யார் இருக்கிறான் என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் பேசினோம். நான் சாப்பாடு சரியில்லை, குளிர், வகுப்பில் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று என் புலம்பலைச் சொன்னேன். அவர்கள் கடை நன்றாக நடக்கிறது என்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்த சந்தேகத்தைப் பாடத்தில் போட்டு மூடிக்கொண்டேன்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். மழை விட்டுச் சாலையெல்லாம் சேறு. மறுநாள் காலையில் கடையில் உட்கார்ந்திருந்தபோது மொத்தக் கடையின் வேன் வந்தது. நான் எழுந்து நின்றேன், மூட்டையைப் பிடித்து இறக்கலாம் என்று. டிரைவர் அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, வண்டியை நிறுத்தாமல் அடுத்த கடைக்குப் போனார்.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் டப்பாக்கள் நெருக்கமாக நின்றன. ஒன்றை எடுத்தேன், கனமில்லை. இன்னொன்றை எடுத்தேன். பின்வரிசை முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள். அப்பா கவனிக்காததுபோல் தராசைத் துடைத்தார். கேட்டதற்கு, வேனில் வருகிற சரக்குத் தரமில்லை, நானே காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்துப் பொறுக்கி ரொக்கத்துக்கு வாங்குகிறேன், உடம்புக்கும் நல்லது என்றார். நான் ரயில் ஏறிய மறுவாரமே மொத்தக் கடைக்காரர் வீடு தேடி வந்து, காலம் சரியில்லை அண்ணாச்சி, இனிமேல் எல்லோருக்கும் ரொக்கம்தான் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனாராம். எல்லோருக்கும் என்றால் எங்களுக்கு. இதை அம்மாதான் சொன்னாள்.

அந்தக் கோடையில் குழம்பைப் பிசைந்தபடி அவர் சொன்னது கௌரவம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது கணக்கு. பதினேழு மூட்டைக் கணக்குபோல நேரான கணக்கு. அவர் விடையைச் சொன்னார், நான் தப்பு என்று கத்தினேன்.  நான் ஏதோ பெரிய தியாகியாக, இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், இங்கேயே பி.எட். படித்து டீச்சர் வேலைக்குப் போகிறேன், கடைக்குப் பழையபடி சரக்கு வர வழி பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

அவருக்குக் கோபம் வந்தது. என்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. "வெல தெரியாமலாளா குடுத்தேன்? தெரிஞ்சுதான் குடுத்தேன். வித்த சரக்கத் திருப்பி எடுக்கிற கட இது இல்ல. போயிப் படி."

நான் காலி டப்பாவைப் பழைய இடத்தில் வைத்தேன்.  அதற்குள் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி வந்து அரைக் கிலோ உளுந்து கேட்டாள். எங்கள் ஆட்கள் கடையில் 'இல்லை' என்ற வார்த்தை கிடையாது. சரக்குத் தீர்ந்திருந்தால் நாளைக்கு வரும் என்போம், சாயங்காலம் வாங்க என்போம், பக்கத்துக் கடையில் ஓடிப்போய் வாங்கியாவது கொடுப்போம்.

அப்பா அவளை நேராகப் பார்த்து, உளுந்து இல்லம்மா என்றார்.